ஹன்னா வீட்டுத் துக்கம்

சிவமயம்

கொத்தமங்கலம்,
கார்த்திகை மாதம், புதன்கிழமை.

அன்புத் தம்பி நாச்சியப்பனுக்கு அண்ணன் வயிரவன் எழுதிக்கொண்டது. இங்கே எல்லோரும் சுகம். எல்லோரும் என்றால் நான், சமையலுக்கு வரும் மலையம்மாள், மாடியில் குடியிருக்கும் புறாக்கள். நீயும் உன் மனைவியும் கல்யாணப் பெண் மீனுவும் கோயம்புத்தூர்ப் பனியில் சளி பிடிக்காமல் இருக்கப் பிள்ளையார்பட்டியான் பார்த்துக்கொள்வார்.

நீ செல்போனில் பேசி அனுப்பியதைக் கேட்டேன். நானும் பேசி அனுப்பலாம்தான். இப்போதெல்லாம் பேச ஆரம்பித்தால் பாதியில் நிறுத்திவிடுகிறேன், பனிக்காலம். அதனால் கடிதம். தை மாதம் மீனு கல்யாணம், அதற்கு முன் நம் வீட்டில் படைப்பு வைத்தாக வேண்டும், காலமான பெரியவர்களுக்குப் புதுத்துணி வைத்து, இலை போட்டு, பங்காளிகள் கூடிச் சாப்பிட வேண்டும், மூத்தவன் நான் முன்னின்று செய்ய வேண்டும், இந்தத் தடவையாவது உன் அண்ணமிண்டி, என் வீட்டுக்காரி கண்ணம்மைக்கும் ஒரு சேலை வைக்க வேண்டும், அவள் போய் மூன்று வருடமாக நான் சாக்குச் சொல்லியே தள்ளிப்போடுகிறேன் என்றெல்லாம் சொல்லியிருந்தாய். சாக்கு ஒன்றும் இல்லையப்பா. முதல் வருடம் மழை. அடுத்த வருடம் முழங்கால் வலி. இந்த வருடம் வாடகைக்கு வந்திருக்கும் அம்மாள். அவர் இருக்கும்வரை இந்த வீட்டில் படைப்பு நடக்காது. ஏன் என்று விவரமாக எழுதுகிறேன். படித்துவிட்டு நீயே நேரில் வந்து அவரைக் காலி செய்யச் சொல். நான் சொன்னால் கேட்க மாட்டார். நான் இன்னும் சொல்லவில்லை என்பது வேறு விஷயம்.

அவர் பெயர் டாக்டர் ஞானசௌந்தரி, பாளையங்கோட்டைக்காரர். டாக்டர் என்றால் ஊசி போடுகிற டாக்டர் இல்லை. அது தெரியாமல் மலையம்மாள் முதல் வாரமே காலை நீட்டி வீக்கத்தைக் காட்டிவிட்டாள். இவர் கிறிஸ்தவத் திருச்சபைகளின் வரலாற்றைக் கல்லூரியில் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். இப்போது ஒரு புத்தகம் எழுதுகிறார். நம் ஊருக்கு வருகிறவர்கள் என்ன செய்வார்கள் என்று உனக்கே தெரியும். தேக்குத் தூணைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொள்வார்கள், இந்தத் தரையை எதைப் போட்டுத் துடைக்கிறீர்கள் என்று கேட்பார்கள். இவர் தூணைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நடு முற்றத்து வளவைச் சுற்றி வந்தவர், சன்னல் இல்லாத ஓர் உள்ளறையைக் காட்டி, இதுதான் வேண்டும் என்றார். அது எங்கள் அறை. என் கல்யாணத்தின்போது நம்மைப் பெற்ற அப்பச்சி எங்கள் இருவருக்கும், புதுப் புள்ளிக்கென்று, ஒதுக்கிக் கொடுத்த அறை. கண்ணம்மை போன பிறகு நான் முகப்பில் படுக்கப் பழகிவிட்டேன், அங்கேதான் காற்று வரும். அந்த அறைக்குள் எனக்கு ஒரு வேலையும் இல்லை, மூன்று வருடமாக நான் உள்ளே போகவில்லை. சாவியை வெளியில் நின்றே கொடுத்துவிட்டேன்.

இருட்டறை எதற்கம்மா என்று கேட்டதற்கு ஒரு மணி நேரம் பதில் சொன்னார். சுருக்கமாகச் சொன்னால், முந்நூறு நானூறு வருடங்களுக்கு முன் இங்கிலாந்தில் இருந்த புராட்டஸ்டண்ட் ஜனங்களின் பக்தியைப் பற்றியது அவர் புத்தகம். அவர்கள் கோயிலில் கும்பிடுவதோடு நிற்காமல், வீட்டில் சின்ன அறை ஒன்றில் நுழைந்து, கதவைச் சாத்திக்கொண்டு, தனியே ஜெபம் செய்வார்களாம். இன்றைக்கு என்ன தப்புச் செய்தேன், என்ன தப்பாக நினைத்தேன் என்று தங்களையே தாங்கள் விசாரணை செய்து தினமும் எழுதி வைப்பார்களாம். அப்படி ஓர் அறையில் உட்கார்ந்து எழுதினால்தான் அவர்கள் மனசு பிடிபடும் என்றார். அவர்களுக்கு எந்தக் கோயில் என்று, கோயிலை வைத்து ஆளை விசாரிக்கும் நம் வழக்கப்படி, கேட்டு வைத்தேன். சுவரில் இருந்த சாமி படங்களையெல்லாம் வெள்ளையடித்து மறைத்தவர்களின் வழி வந்தவர்கள் என்றார். நான் எழுந்து போய் நம் பிள்ளையார் படத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு வந்தேன்.

இதெல்லாம் பரவாயில்லை. போன திங்கட்கிழமை காலையில் மலையம்மாள் கரண்டியும் கையுமாக ஓடி வந்து, "ஐயா, அந்தம்மா உள்ள கதவச் சாத்திக்கிட்டுத் தேம்பித் தேம்பி அழுகுறாக. ஒரு எட்டு வந்து பாருங்க" என்றாள். அந்தக் கதவுக்கு முன்னால் போய் நிற்க வேண்டியதாகிவிட்டது. தட்டினோம். டாக்டரம்மா திறந்தார், கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"என்னம்மா, ஊர்ல யாருக்கும் எதுவும் ஆயிருச்சா?" என்றாள் மலையம்மாள்.

"ஹன்னாவோட பொம்பளப் பிள்ள செத்துப்போச்சும்மா. ரெண்டு வயசு."

"ஆத்தாடி! எப்ப?"

"ஆயிரத்து அறுநூத்தி அம்பத்தெட்டுல" என்றார் டாக்டரம்மா, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே.

ஹன்னா என்பவள் ஒரு துணி வியாபாரியின் பெண்டாட்டி. அந்த வகையில் நம்மைப் போல வியாபாரக் குடும்பம்தான். பிள்ளையைப் புதைத்த அன்று சாயந்திரம் அறைக்குள் போய் அவள் எழுதியதை டாக்டரம்மா படித்துக்கொண்டிருந்திருக்கிறார். நான் அறைக்குள் எட்டிப் பார்த்தேன். வேண்டுமென்று இல்லை, கதவு திறந்திருந்தது. மேசையில் கம்ப்யூட்டர், டிரங்குப் பெட்டி மேல் புத்தகங்கள். கண்ணாடியில் கண்ணம்மை ஒட்டிவைத்த ஸ்டிக்கர் பொட்டு அப்படியே இருந்தது. குடிவந்தவர் அதைச் சுரண்டித் துடைத்திருக்க வேண்டாமா? அதையும் அவர் மேலுள்ள குறைகளில் சேர்த்துக்கொள்.

வருடத்தைக் கேட்டபின் விஷயம் முடிந்தது என்றுதானே நீ நினைப்பாய். நானும் அப்படித்தான் நினைத்து இலையில் உட்கார்ந்தேன். சாம்பாரில் தாளிப்பு இல்லை. அப்பளம் இல்லை. கேட்டால், "துக்கம் விழுந்த வீட்டுல அடுப்புல எண்ணெய்ச் சட்டி வைக்கலாமா ஐயா? என்னைய என்ன நெனைச்சீக?" என்று என்னையே அதட்டுகிறாள். சாயந்திரம் பக்கத்துத் தெருப் பொன்னழகு நாலு பெண்களைக் கூட்டிக்கொண்டு துக்கம் கேட்க வந்துவிட்டாள். மலையம்மாள் போகிற வழியெல்லாம் சொல்லிக்கொண்டு போயிருக்கிறாள், வருடத்தை மட்டும் விட்டுவிட்டு. டாக்டரம்மா பொய் சொல்லத் தெரியாதவர். உட்கார்ந்து எல்லாவற்றையும் வருடத்தோடு சொன்னார். எழுந்து போய்விடுவார்கள் என்று பார்த்தேன். பொன்னழகு இன்னும் நெருங்கி உட்கார்ந்தாள். "அம்புட்டுத் தூரத்துல, கேக்க நாதியில்லாமப் போச்சேம்மா அந்தப் புள்ளைக்கு" என்றாள். பிறகு டாக்டரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, சீமையில் பொறந்த கிளியே, சிறகு மொளைக்குமுன்ன எங்குட்டுப் போன என்று இழுத்து ஆரம்பித்துவிட்டாள். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். நம் வளவில், விளக்கு வைக்கிற நேரத்தில், ஓர் இங்கிலீஷ்காரக் குழந்தைக்கு ஒப்பாரி! நான் தூணுக்குப் பின்னால் போய் நின்றேன். தூசி விழுந்து எனக்கும் கண்ணில் தண்ணீர்.

அவர்கள் போனபின் டாக்டரம்மா என்னிடம் வந்தார். "இந்தப் பக்கத்த எத்தனையோ மாநாட்டுல வாசிச்சிருக்கேன் ஐயா. கேள்வி கேப்பாங்க, குறிப்பு எடுப்பாங்க. யாரும் அழுததில்ல" என்றார். பிறகு விளக்கினார். ஹன்னாவின் சபையில், செத்தவர்களுக்காக ஜெபம் செய்வது, திதி கொடுப்பது போன்ற எதுவும் கிடையாது. அதெல்லாம் பழைய சபையின் தப்பு என்று அடித்துவிட்டார்கள். போனவர்கள் கடவுளிடம் போனார்கள், இங்கிருந்து நாம் செய்வதற்கு ஒன்றும் இல்லை. அப்படியானால் பெற்றவளின் துக்கம் எங்கே போகும்? அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளும். அங்கேயும் அவளால் நிம்மதியாக அழ முடியவில்லை. கொடுத்த கடவுளைவிடக் கொடுத்த பிள்ளையின் மேல் அதிக ஆசை வைத்துவிட்டேனோ என்று தன்னையே குற்றவாளியாக்கி எழுதியிருக்கிறாளாம்.

எனக்கு மனசு கேட்கவில்லை. அந்த மட்டில் நாம் கொடுத்து வைத்தவர்கள் அம்மா, எங்களுக்குப் படைப்பு உண்டு, பிடித்த சேலை வைக்கலாம், பிடித்ததைச் சமைத்து இலை போடலாம் என்று பெருமையாகச் சொன்னேன்.

அவர் என்னைப் பார்த்தார். "ஹன்னாவுக்கு இல போட வழியில்ல, அதனால கதவ சாத்துனா. உங்களுக்குத்தான் இல இருக்கே. நீங்க எதுக்கு மூணு வருசமா சாத்தி வச்சிருக்கீங்க?" என்றார்.

வாடகைக்கு இருப்பவர் கேட்கிற கேள்வியா இது, நாச்சியப்பா? மலையம்மாள்தான் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். நான் முகப்புக்கு வந்துவிட்டேன். என்ன சொல்வது? இலையைப் போட்டுவிட்டால், சேலையை வைத்துவிட்டால், அவள் பெரியவர்களோடு சேர்ந்துவிடுவாள். கும்பிட வேண்டியவளாகிவிடுவாள். அறுபது வயதில்கூட என் சட்டைப் பொத்தானைச் சரியாகப் போடவில்லை என்று அதட்டியவளை நான் எப்படியப்பா விழுந்து கும்பிடுவேன்? இதை அந்த அம்மாளிடம் சொல்ல முடியுமா? உன்னிடம்கூடச் சொல்வதாக இல்லை, பேனா ஓடிவிட்டது. ஆகையால் படைப்பை இந்த வருடமும் நிறுத்திவை, அல்லது பங்காளி வீட்டில் யாராவது வைக்கட்டும். டாக்டரம்மாவை வந்து காலி செய். இதுவே முடிவு.

மீனுவுக்கு என் ஆசிகள். மாப்பிள்ளை வீட்டாரைக் கேட்டதாகச் சொல். நீங்கள் எல்லோரும் நிறைந்த ஆயுளோடும் தாளித்த சாம்பாரோடும் இருக்க வேண்டுமென்று வேண்டிக்கொள்ளும்,

உன் அண்ணன்,
வயிரவன்.

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தைத் தபாலில் சேர்க்கக் காரைக்குடிக்கு பஸ் ஏறினேன். தபாலாபீசுக்குப் போகும் வழியில் ஜவுளிக்கடை இருந்தது. அரக்குக் கலரில் கண்டாங்கிச் சேலை ஒன்று, கண்ணம்மை கட்டுகிற மாதிரியே, வாங்கிவிட்டேன். கடிதத்தைத் தபாலில் போடாமலே வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். எனவே மேலே எழுதியதை விட்டுவிடு. அடுத்த வெள்ளிக்கிழமை படைப்பு, நம் வீட்டில், நான் முன்னின்று. குடும்பத்தோடு முதல் நாளே வந்துவிடு. டாக்டரம்மா எங்கும் போகவில்லை. படைத்த சோற்றை அவர் சாப்பிட மாட்டார், அவர் சபை வழக்கம். மலையம்மாள் முன்கூட்டியே தனியாக எடுத்துவைத்துவிடுவாள். நான் மனசு மாறுவேன் என்று தெரிந்தவள்போல, பஸ் ஏறும் முன்பே அவள் சொல்லி அனுப்பினாள் என்று ஹன்னாவின் பிள்ளைக்கும் ஒரு பாவாடை சட்டை எடுத்து வந்தேன். டாக்டரம்மாவிடம் சொன்னதும் முகம் மாறிவிட்டது. "ஹன்னா ஒத்துக்க மாட்டா ஐயா. அவ விசுவாசத்துல அதுக்கு இடமில்ல, எனக்கும் இல்ல" என்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அதுவும் நியாயம்தான் என்று பையை மடித்தேன். கொஞ்ச நேரம் கழித்துக் கதவு திறந்தது. "என்ன கலர்ல எடுத்தீங்க?" என்றார். மஞ்சள் என்றேன். வளவுக்கு வந்து வெளிச்சத்தில் பாருங்கள் என்றேன். "உள்ளயும் லைட் இருக்கு. நீங்க வாங்க" என்றார். பாவாடையையும் சேலையையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.