தம்பிக்கு மட்டும் கெலுவாங் கறி

பீடோங் பக்கத்து ரப்பர் தோட்டம்,
மார்ச் 1952

செமிலிங்கில் வாழும் என் மதிப்புக்குரிய அக்கா ராக்காயி அவர்களுக்கு, தம்பி பரஞ்சோதி பணிவோடு எழுதிக்கொள்வது. மாரியம்மன் புண்ணியத்தில் நானும் மருதம்மாளும் இங்கே நலம். அங்கே தாங்களும் அய்யாவு மாமாவும் பிள்ளைகளும் நலமாக இருக்க வேண்டுகிறேன். நலம் என்று எழுதியது கடிதத்துக்குரிய மரியாதைக்காகத்தான். என் மனம் நலமாக இல்லை. அதற்குக் காரணம் தாங்கள்.

அப்பா நமக்கு எதை எதை விட்டுப்போனார் என்பது தங்களுக்குத் தெரியும். தங்களுக்கு அம்மாவின் காப்பு. நம் கடைக்குட்டி சின்னையாவுக்குக் கைக்கடிகாரம். எனக்கு மூச்சு இழுப்பு. சரி, இதாவது முழுசாக எனக்கே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். சின்னையா வளர்ந்தான், அதிலும் பங்குக்கு வந்துவிட்டான். இது வம்சத்தில் வருவது, அடக்கி வைக்கலாமே தவிர அடியோடு போகாது என்று டவுன் டாக்டர் சொன்னார். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸர் கொடுக்கும் வெள்ளைத் தண்ணீர் மருந்தைக் குடித்துக்கொண்டு நானும் பேசாமல் இருந்தேன். ஏனென்றால் அங்கே திகாம் பத்து ஊரில் சின்னையாவும் இழுத்துக்கொண்டுதான் கிடந்தான். அந்த நினைப்பே எனக்குப் பாதி மருந்து.

போன ஞாயிற்றுக்கிழமை அவன் சைக்கிளில் வந்தான். முன்பெல்லாம் எங்கள் தோட்டத்து மேட்டில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, மரத்துக்கு மரம் பிடித்து நின்று, முள்கம்பி வேலிக் கேட்டுக்கு வந்து சேரும்போது பேச்சு வராமல் அடையாள அட்டையை மட்டும் நீட்டுவான். அதைப் பார்த்தால் எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருக்கும். இந்த முறை மேட்டில் சைக்கிளை விட்டு இறங்கவே இல்லை. போதாக்குறைக்குப் பாடிக்கொண்டு வந்தானாம், கேட்டில் நின்ற மலாய்ப் போலீஸ்காரர் "சுவாரா பாகுஸ்" என்று குரலை மெச்சினாராம். வீட்டுக்குள் வந்ததும் அடுப்பு புகைவதைப் பார்த்து, "தள்ளுங்க அண்ணி" என்று ஊதுகுழலை வாங்கி ஒரே ஊது. அடுப்பு குப்பென்று பிடித்துக்கொண்டது. "மூச்சுன்னா இதுதான் மூச்சு" என்றாள் மருதம்மாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் என்னிடம் உள்ள எதையும் அப்படிப் புகழ்ந்தது கிடையாது. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

"எப்படிடா சரியாச்சு?" என்று கேட்டேன்.

"பொங்கலுக்கு அப்புறம் அக்கா ஒரு கறி ஆக்கிக் குடுத்திச்சுண்ணே. ரெண்டு தரம் சாப்பிட்டேன். அதோட நின்னுபோச்சுலா."

"என்ன கறி?"

"தெரியாதுண்ணே. சாப்பிடுறவனுக்குத் தெரிஞ்சா பலிக்காதாம். நான் கேக்கல."

அவன் கேட்காமல் இருப்பான். என்னால் முடியுமா அக்கா? அதோடு எனக்குத் தீபாவளி ஞாபகம் வந்துவிட்டது. உன் வீட்டுக்கு நாங்கள் எல்லாரும் வந்திருந்தோமே, சின்னையா இலையில் என்ன வைத்தாய்? கோழிக்கால். எனக்கு? தனியாக ஒரு கிண்ணத்தில், கறுப்பாக, மிளகு தூக்கலாகப் போட்டு எதையோ கொண்டுவந்து, "எளம் ஆடுடா, மிச்சம் வைக்காத" என்றாய். அந்த ஆடு உன் கல்யாணத்துக்கு முந்தியே பிறந்திருக்க வேண்டும். சைக்கிள் டயரை மெல்வது போல மென்றேன். எலும்பையும் கடிக்கச் சொல்லிப் பக்கத்திலேயே நின்றாய், கடித்தேன். கிழட்டு ஆட்டை எனக்குத் தள்ளிவிட்டு, கோழியையும் அவனுக்கு வைத்து, பிறகு மருந்தையும் அவனுக்கே கொடுத்திருக்கிறாய். நானும் உன்னோடு ஒரே வயிற்றில் பிறந்தவன்தானா என்று எனக்கே சந்தேகமாக இருக்கிறது. அப்பா முதுகில் உப்பு ஒத்தடம் கொடுத்தது யார்? நான். அவர் மடியில் உட்கார்ந்திருந்தது யார்? சின்னையா. இதெல்லாம் உனக்கு மறந்துபோயிருக்கும்.

ரப்பர் பால் நிறுக்கும் கொட்டகையில் எனக்கு வேலையே ஓடவில்லை. வருகிறவர்களிடமெல்லாம் இழுப்புக்கு என்ன கறி நல்லது என்று விசாரித்தேன். உடும்பு என்றார்கள், ஆமை என்றார்கள். கடைசியில் நம் ஸ்பெஷல் கான்ஸ்டபிள் மணியம் அகப்பட்டான். முன்பு உன் தோட்டத்தில் காவலுக்கு இருந்து போன மாதம் இங்கே மாற்றலாகி வந்தவன். அவனுக்கு ஒரு டின் சிகரெட் வாங்கிக் கொடுத்ததும் கக்கிவிட்டான்.

"கெலுவாங்ணே. அந்தப் பெரிய பழந்தின்னி வௌவாலு. அய்யாவு அண்ணன் மருந்துக்குன்னு கேட்டாரு, நாந்தான் சுட்டுக் குடுத்தேன். யாருக்கிட்டயும் சொல்லிறாதீங்க, தோட்டாவுக்குக் கணக்கு உண்டு."

தம்பிக்காக மாமாவைத் துப்பாக்கிக்காரனிடம் கெஞ்ச விட்டிருக்கிறாய். எனக்காக ஒரு கல்லை விட்டெறிய ஆள் இல்லை. சரி, எனக்கு நானே பார்த்துக்கொள்கிறேன் என்று ரோஷம் வந்துவிட்டது. துரை பங்களா மேட்டுக்குக் கீழே டுரியான் மரம் பூத்திருக்கிறது, பொழுது சாய்ந்தால் கெலுவாங் கூட்டமாக வரும். மணியத்தை நச்சரித்து அழைத்துப்போனேன். அவன் சுட்டான். சுட்டதும் அடுத்த காவல் கூண்டில் இருந்தவன், கம்யூனிஸ்ட் காட்டுக்காரர்கள் வந்துவிட்டார்கள் என்று அவனும் சுட்டான். அபாயச் சங்கு ஊதியது. தொழிலாளர் லயத்தில் அத்தனை பேரும் கட்டிலுக்கு அடியில். வீட்டுக்கு வீடு கஞ்சி தீய்ந்த வாசனை. துரை பட்டாளத்தைக் கூப்பிட்டுவிட்டால் மணியத்தின் வேலை போய்விடுமே என்று, நான் ஒரே மூச்சில் பங்களா மேட்டுப் படியெல்லாம் ஏறி ஓடி, சன்னலுக்கு வெளியே நின்று, "நோ பேண்டிட் சார், ஒன்லி கெலுவாங் சார்" என்று தொண்டை கிழியக் கத்தினேன். துரை சாப்பாட்டு மேசைக்கு அடியிலிருந்து இங்கிலீஷில் பதில் சொன்னார். அதை உனக்கு எழுத முடியாது.

மறுநாள் காலையில் பார்த்தால் முள்கம்பியில் மணியம் சுட்ட கெலுவாங் சிறகை விரித்துக்கொண்டு தொங்குகிறது. தோட்டமே சுற்றி நின்று சிரிக்கிறது. வெட்கத்தை விட்டு அதை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மருதம்மாள் சட்டியைத் தொட மறுத்துவிட்டாள். "தெரிஞ்சு தின்னா அது மருந்தில்லங்க, வெறும் வௌவாலு" என்று சொல்லி வாழை மரத்தடியில் புதைத்துவிட்டாள். அவள் சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. சின்னையா ஒன்றும் கேட்காமல் இருந்து குணமானான். நான் துருவித் துருவிக் கேட்டு என் மருந்தை நானே கெடுத்துக்கொண்டேன்.

அப்பா போன வயதை நான் நெருங்கிக்கொண்டிருக்கிறேன் அக்கா. எனக்குப் பயமாக இருக்கிறது. இந்த வைத்தியத்தில் எனக்கு நம்பிக்கை கிடையாது, இருந்தாலும் செய்து பார்க்கலாமா என்று யோசிக்கிறேன். எனக்குத் தோன்றும் வழி இது. கோழி, உடும்பு, ஆமை, கெலுவாங் நாலையும் தனித்தனியாக ஒரே மசாலாவில் ஆக்கு. என் கண்ணைக் கட்டி ஒன்றை மட்டும் ஊட்டு. எதைத் தின்றேன் என்று எனக்குத் தெரியாது அல்லவா, அப்போது பலிக்குமா? இதைக்கூட எனக்குச் செய்ய மனம் வராவிட்டால் இனி உன் வீட்டு வாசற்படியை மிதிக்கமாட்டேன். சின்னையாவே உனக்குத் தம்பியாக இருக்கட்டும்.

மாமாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். பிள்ளைகள் நோய் நொடி இல்லாமல், குறிப்பாக நம் வீட்டு நோய் இல்லாமல், நூறு வயது வாழ என் ஆசிகள்.

இப்படிக்கு,
தங்களால் ஒதுக்கப்பட்ட தம்பி,
பரஞ்சோதி

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் மருதம்மாளுக்குக் கடிதத்தைப் படித்துக் காட்டுவது எங்கள் வழக்கம். தீபாவளிக் கிண்ணம் வந்த இடத்தில் அவள் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "அந்தக் கிண்ணந்தாங்க மருந்து. மொதக் கறியே ஒங்களுக்குத்தான் ஆக்கினாங்க. ஒங்களுக்கு நின்னத பாத்துட்டுத்தான் கொழுந்தனுக்கே குடுத்தாங்க. சொன்னா பலிக்காதுன்னு சாமி மேல சத்தியம் வாங்கிட்டாங்க. அந்தப் புண்ணியவதிக்கா இந்தக் கடுதாசி போடுறீங்க?" என்றாள். நான் நம்பவில்லை. பங்களா மேட்டில் ஓடினீர்களே, மூச்சு வாங்க எங்காவது நின்றீர்களா என்று கேட்டாள். தீபாவளிக்குப் பிறகு என்றைக்காவது முதுகு ஒத்தடத்துக்கு உப்பு வறுக்கச் சொன்னீர்களா என்று கேட்டாள். எழுந்து போய் டிரெஸர் மருந்து பாட்டிலைப் பார்த்தேன். எறும்பு கூடு கட்டியிருக்கிறது. சின்னையா எப்படி மூச்சு விடுகிறான் என்பதையே கவனித்துக்கொண்டிருந்ததில், நான் மூச்சு விட்டுக்கொண்டிருப்பது எனக்குத் தெரியாமல் போயிருக்கிறது. அக்கா, மேலே எழுதிய எல்லாவற்றையும் அடித்துவிட்டதாக வைத்துக்கொள். நீ தெய்வம். ஆனால் இப்போது எனக்குத் தெரிந்துவிட்டதே, இனி என்ன ஆகும்? அவள் சொன்னதிலிருந்து நெஞ்சின் இடது பக்கம் லேசாக விசில் அடிக்கிறது. கெண்டியில் தண்ணீர் கொதிக்கிறது என்கிறாள் மருதம்மாள். சின்னையாவிடம் அது என்ன கறி என்று சொல்லிவிடாதே, அவனாவது நன்றாக இருக்கட்டும். ஒன்றே ஒன்று மட்டும் அடுத்த தபாலில் எழுதிவிடு. எனக்கு ஒரு கிண்ணம்தான் கொடுத்தாய், அவனுக்கு மட்டும் ஏன் இரண்டு தரம்?