லிஃப்ட் பொய் சொல்லாது

லிஃப்ட் மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவில் நின்றுபோயிருந்தது. மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள் என்று கட்டிடமே கத்திக்கொண்டிருந்தது. மெக்கானிக் நான்காவது மாடியில்தான் வாடகைக்குக் குடியிருந்தார். லிஃப்டை நிறுத்தியதும் அவர்தான்.

காரணம் இல்லாமல் இல்லை. வீட்டுக்குச் சொந்தக்காரர் தரைத்தளத்தில் கிளினிக் வைத்திருக்கும் பல் டாக்டர். அவர் வீட்டை விற்கப்போவதாகச் சொல்லிவிட்டார். இத்தனை வருஷம் இருந்தவர்களை முதலில் கேட்பதுதான் முறை என்று, மாதக் கடைசி வரை அவகாசமும் கொடுத்திருந்தார். மெக்கானிக்கின் மனைவிக்குக் கால் தரையில் பாவவில்லை. சமையலறைச் சுவரை இடித்து ஜன்னல் வைப்பது வரை மனசுக்குள் முடித்துவிட்டாள்.

மெக்கானிக்குக்கோ வீடு என்று ஒன்று வாங்கினால் அது வெளிநாட்டில்தான் இருக்கவேண்டும். மனைவியின் தம்பி அங்கே வீடு வாங்கிய நாளிலிருந்து பிடித்த பைத்தியம் அது. மச்சான் போனில் வீடியோவைத் திறந்தால் பால்கனி, கடல், குளியலறைக் குழாய் என்று ஊர்வலம் விடுவான். லிஃப்டை மட்டும் காட்டமாட்டான். கேட்டால், "லிஃப்டுல என்ன இருக்கு அத்தான், ஏறினா போகும்" என்பான். ஒரு லிஃப்ட் மெக்கானிக்கை இதைவிட மோசமாக அவமானப்படுத்த முடியாது. கட்டிடத்தின் யோக்கியதை லிஃப்டில் தெரியும் என்பது அவருடைய கொள்கை. சுவருக்கு பெயின்ட் அடித்து யாரையும் ஏமாற்றலாம், லிஃப்ட் பொய் சொல்லாது.

கையிருப்பு ஒரு வீட்டுக்குத்தான் காணும். அங்கே வாங்கிப் போட்டால் விலை கிடுகிடுவென்று ஏறும், வாடகை வெளிநாட்டுப் பணமாக வரும் என்று மனைவிக்கு விளக்கிப் பார்த்தார்.

"அது வர்றப்போ நாம எங்க குடியிருப்போம்?" என்று கேட்டாள்.

பேச்சில் ஜெயிக்க முடியாது என்றுதான் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு, லிஃப்ட் மோட்டார் இருக்கும் மொட்டைமாடிக்குப் போனார். காய்கறிப் பையோடு நாலு மாடி ஏறினால் அவளே வீட்டை வெறுத்துவிடுவாள் என்று கணக்குப் போட்டார்.

அவள் வெறுக்கவில்லை. ஏறி இறங்கியதில் முட்டிவலி பறந்துவிட்டது என்றாள். அதோடு விடாமல் கிளினிக்குக்குப் போய், லிஃப்ட் ஓடாத கட்டிடத்தில் நாலாவது மாடியை எவன் வாங்குவான் என்று டாக்டரை ஒரு பிடி பிடித்தாள். டாக்டர் மிரண்டுபோய் விலையைக் குறைத்தார்.

விலை மறுபடி ஏறவேண்டுமானால் லிஃப்ட் ஓடவேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் மெக்கானிக் மேலே ஏறினார். எரிச்சலில் இருந்தால் அவருக்கு வேலை பிரமாதமாக ஓடும். பழைய கடகடப்பையும் சேர்த்துச் சரிசெய்துவிட்டார். லிஃப்ட் சத்தமே இல்லாமல் போய் வந்தது. டாக்டரை ஏற்றி ஒரு சுற்று காட்டிவிட்டு, இனிமேல் பழைய விலையையே வைத்துக்கொள்ளலாமே என்று மெதுவாகக் காதில் போட்டார்.

டாக்டர் நெகிழ்ந்துபோனார். "சொன்ன சொல்லை மாத்தமாட்டேன். அதுவும் நீங்க ரிப்பேருக்குக் காசே வாங்கலை. உங்களுக்காக இன்னும் கொஞ்சம் குறைச்சுக்கறேன்" என்றார்.

இனி பேசிப் பயனில்லை, காரியத்தை முடித்துவிடவேண்டியதுதான் என்று மெக்கானிக் வெளிநாட்டு விற்பனைக் கம்பெனியை போனில் பிடித்தார். அங்கிருந்த பெண் ஒரு வீட்டுக்குள் நின்றபடி வீடியோவில் வந்தாள். கூடத்தில் ஆரம்பிக்கட்டுமா என்று கேட்டாள்.

"அதெல்லாம் இருக்கட்டும்மா. லிஃப்டைக் காட்டுங்க."

அவள் குழம்பிப்போய் வெளியே வந்து பொத்தானை அழுத்தினாள். லிஃப்ட் வந்து தரையோடு தரையாக நின்றது. ஒரு மயிரிழை பிசகில்லை. ஏறச் சொன்னார், இறங்கச் சொன்னார், கதவுக்கு நடுவில் கையை நீட்டிப் பார்க்கச் சொன்னார். கதவு மரியாதையாக ஒதுங்கியது. மெக்கானிக்குக்குக் கண் கலங்கிவிட்டது. படுக்கையறையையாவது பாருங்கள் என்று அவள் கெஞ்சினாள். படுக்கையறை எல்லா வீட்டிலும் இருப்பதுதான் என்றார். வந்த ஒப்பந்தத்தில் லிஃப்ட் பராமரிப்புப் பக்கத்தை மட்டும் ரசித்துப் படித்துவிட்டு, போனிலேயே கையெழுத்துப் போட்டு மொத்தப் பணத்தையும் அனுப்பினார்.

வீட்டுக்குள் மனைவி டேப்பை வைத்து சமையலறைச் சுவரை அளந்துகொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னார். சண்டை போடுவாள் என்று தயாராக நின்றார். அவள் போடவில்லை. டேப்பைச் சுருட்டி மேடைமேல் வைத்துவிட்டு, போனோடு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தம்பியிடம் அழுவது வெளியே கேட்டது.

அந்த அழுகை அவரை உலுக்கிவிட்டது. கடல் தாண்டி ஒரு கதவு எப்படித் திறக்கிறது என்று பார்க்கத் தெரிந்தவருக்கு, தன் வீட்டில் ஒருத்தி எங்கே நின்று சமைப்பாள் என்று யோசிக்கத் தோன்றவில்லை. தன்மேலேயே அவருக்கு வெறுப்பாக இருந்தது. கம்பெனிப் பெண்ணைக் கூப்பிட்டு ரத்து செய்யச் சொன்னார். பணம் விற்றவர் கைக்குப் போய்விட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்றாள்.

மிச்சமிருந்தது ஒரே வழி. எங்கேயாவது கடன் புரட்டும் வரை டாக்டரிடம் தவணை கேட்கவேண்டும். மறுநாள் காலை கிளினிக்குக்குப் போனார். வரவேற்பில் பத்துப் பேர் இருந்ததால் பல்வலி என்று சொல்லித்தான் உள்ளே நுழைய முடிந்தது. டாக்டர் அவரை நாற்காலியில் சாய்த்து, அவர் பேச வாயைத் திறந்ததுமே கண்ணாடியை உள்ளே விட்டுவிட்டார்.

"வீ... வீடு" என்றார் மெக்கானிக்.

"வீடா? நேத்து ராத்திரியே பேசி முடிச்சாச்சே. உங்க மச்சான்தான் வாங்கறார். அக்கா அழுததைக் கேட்டு மனசு தாங்கலையாம். நீங்க எங்கேயும் போகவேண்டாம், வாடகையை மட்டும் இனிமே அவருக்கு அனுப்பினா போதும்."

மெக்கானிக்குக்கு முதலில் நிம்மதியாக இருந்தது. அவளுக்கு ஜன்னல் கிடைத்துவிடும். மச்சானுக்கு வாடகை கட்டவேண்டும் என்பது அப்புறம்தான் உறைத்தது. திடீரென்று அவனுக்கு ஏது அவ்வளவு பணம் என்று கேட்க நினைத்தார். வாய்க்குள் கண்ணாடி இருந்ததால் புருவத்தைத்தான் உயர்த்த முடிந்தது.

டாக்டருக்குப் புரிந்துவிட்டது. "பணமா? அங்கே இருந்த வீடு வித்துப்போச்சாம். சுவரெல்லாம் ஈரம் ஊறி உதிருதுன்னு ரொம்ப நாளா எவனும் சீந்தலையாம். வாங்கின ஆள் யாருன்னு கேட்டா, சிரிக்கிறாரே தவிர சொல்லமாட்டேங்கறார். லிஃப்டை மட்டும் பார்த்துட்டு வாங்கிட்டாராம்."