பிழையற்ற அடிக்குறிப்பு

உண்மை இன்னும் இவ்வுலகில் மூச்சுவிடுகிறது என்றால், அதற்கு முழுமுதற் காரணம் எங்கள் பல்கலைக்கழகத்தின் மேற்கோள் ஒழுங்குக் குழு. அதன் செயலர் என்ற முறையில் இதை மிகுந்த தன்னடக்கத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

ஆய்வு மாணவி ஒருத்தி இரண்டு வருடம் நாற்பது பள்ளிக்கூடங்களுக்கு அலைந்து, குழாய்த் தண்ணீரில் எவ்வளவு ஈயம் கலந்திருக்கிறது என்று அளந்தாள். அப்பாவின் அறுவைச் சிகிச்சைக்காக அவள் பத்து நாள் விடுப்பில் போனாள். அவளுடைய வழிகாட்டியான பேராசிரியர் அவள் குறிப்பேட்டைப் ‘பாதுகாப்பு கருதி’ எடுத்துப்போனார். பக்கம் விடாமல் நகலெடுத்துக் கொடுத்தவன் அடியேன். மூன்றே மாதத்தில் அவர் பெயரில் கட்டுரை வந்தது. பாராட்டு விழாவும் நடந்தது.

பிறகு மாணவியின் ஆய்வேடு எங்கள் குழுவுக்கு வந்தது. குழுத் தலைவரும் அதே பேராசிரியர்தான்.

“இந்த அளவெல்லாம் என் கட்டுரையில இருக்கே. ஏம்மா என்னைக் குறிப்பிடல?”

“சார், அது நான் அளந்தது.”

“ஆதாரம்?”

“நான்தான் சார். என் கையால தண்ணி பிடிச்சேன்.”

“கையெல்லாம் ஆதாரமாகாது. அச்சுல வரணும். எதை எடுத்தாலும் எங்கேருந்து எடுத்தோம்னு சொல்லணும்மா. சொல்லலேன்னா அதுக்குப் பேரு திருட்டு!”

சொல்லும்போதே அவர் குரல் தழுதழுத்தது. எனக்கும் கண் கலங்கியது.

மாணவி என் பக்கம் திரும்பினாள். “நீங்களாவது சொல்லுங்க சார். அந்த நோட்டு யாருதுன்னு உங்களுக்குத் தெரியும்ல?”

“தெரியறது வேற, ஆதாரம் வேறம்மா” என்றேன். குழு மேசையைத் தட்டி ஆமோதித்தது.

ஒரு வாரத்தில் திருத்தாவிட்டால் பட்டம் கிடையாது என்று தீர்மானித்தோம். அவள் ஆய்வேட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

ஆறாம் நாளே வந்துவிட்டாள். அளவுக்கு அளவு அடிக்குறிப்பு! காற்புள்ளி, முற்றுப்புள்ளி, சாய்வெழுத்து என்று மூன்று மணி நேரம் அளவுகோல் வைத்துப் பார்த்தோம். ஒரு புள்ளி பிசகவில்லை. ஒருமனதாக ஏற்று, முத்திரை குத்தி, நூலகத்துக்கும் இணையத்துக்கும் அனுப்பினோம். பேராசிரியர் அவள் கையைக் குலுக்கினார்.

படிப்பது குழுவின் வேலை அல்ல. வேலையற்ற பத்திரிகையாளர் ஒருவர் படித்துத் தொலைத்திருக்கிறார். அறுபத்தோராம் அடிக்குறிப்பு இது:

“இந்த அளவுகள் பேராசிரியரின் கட்டுரையில் உள்ளன. அவர் எடுத்தது என் குறிப்பேட்டிலிருந்து, பக்கம் 3 முதல் 88 வரை, என் அனுமதி இல்லாமல். நகலெடுத்தவர் குழுவின் செயலர். காண்க: நகல் இயந்திரப் பதிவேடு.”

அபாண்டம் என்று மறுத்துவிடலாம்தான். ஆனால் அதே பக்கத்தின் அடியில், ‘சரிபார்க்கப்பட்டது, பிழை ஏதுமில்லை’ என்று என் கையெழுத்து இருக்கிறது.