சர்வருக்குத் தீட்டுக் கழித்த கதை

தாம்பரத்துக்குக் கம்ப்யூட்டர் வந்தது. பின்னாலேயே எலுமிச்சம்பழமும் வந்துவிட்டது. குரோம்பேட்டையிலிருந்து கூடுவாஞ்சேரி வரை எந்தக் கம்ப்யூட்டர் சென்டரில் எந்தப் பெட்டியைத் திறப்பதானாலும் 'சிலிக்கான் சித்தர்' வந்தாக வேண்டும். காவி வேட்டி, உருத்திராட்சம், கூடவே ஒரு ஸ்டெதஸ்கோப். மூடிய பெட்டியின் மேல் அதை வைத்துக் கேட்டு, உள்ளே எந்தக் கார்டை எந்தக் கிரகம் பிடித்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். இந்து கடைக்கு விபூதி, கிறிஸ்தவப் பள்ளிக்கு எண்ணெயில் சிலுவை. சனி பகவானுக்கு மதபேதம் கிடையாதாம்.

மேற்குத் தாம்பரத்தில் குப்புராஜ் நடத்திய சென்டரில் மற்றக் கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் தலைமையான சர்வர் பெட்டியைக் கவனித்துக்கொண்டவள் பியூலா. புதிதாக வாங்கிய கம்ப்யூட்டர்களைச் சர்வரோடு இணைக்க ஒரு நெட்வொர்க் கார்டு வந்திறங்கியது. அவளிடம் கொடுத்திருந்தால் டீ ஆறுவதற்குள் சொருகியிருப்பாள். குப்புராஜ் விடவில்லை. எம்.எஸ்சி. படித்தவர், பஞ்சாங்கம் பார்க்காமல் ரயிலுக்கு டிக்கெட் எடுக்கமாட்டார். சித்தர் வந்தார். எல்லாரையும் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, மந்திரம் முணுமுணுத்துக் கார்டைப் பூட்டினார். சர்வரைப் போட்டால், அப்படி ஒரு கார்டு இருப்பதாகவே அது காட்டவில்லை.

சித்தர் அறையைச் சுற்றிப் பார்த்தார். பெண் என்று இருந்தவள் பியூலா ஒருத்திதான். தீட்டு என்றுவிட்டார். மாதவிலக்கு நாளில் சர்வரைத் தொட்டிருக்கிறாளாம். வெள்ளிக்கிழமை பெரிய பூஜை போட வேண்டும், அதன்பின் அவள் நிழல்கூட அங்கே விழக் கூடாது. குப்புராஜும் தரையைப் பார்த்தபடி, வெள்ளியோடு நின்றுகொள்ளச் சொல்லிவிட்டார். படுக்கையில் கிடக்கும் அப்பாவோடு அவள் வீடு ஓடுவதே அந்தச் சம்பளத்தில்தான். பியூலாவுக்கு அழுகை வரவில்லை. பற்றிக்கொண்டு எரிந்தது.

வெள்ளிக்கிழமை முதல் ஆளாக வந்து மூடியைக் கழற்றினாள். கார்டு தனக்கான ஸ்லாட்டுக்குள் பாதிதான் இறங்கியிருந்தது. திருகாணியும் போடவில்லை. அங்கேயே ஓர் அழுத்து அழுத்தியிருக்கலாம். ஆனால் புகழ் பூஜைக்குப் போகும், அவள் வீட்டுக்குப் போவாள். கார்டை உருவிக் கைப்பையில் வைத்துக்கொண்டு மூடியைப் பழையபடி மாட்டினாள்.

பூஜைக்குக் கூட்டம் கூடிவிட்டது. சேலையூர் சென்டர்காரர்கள் வந்தார்கள். தன் மெஷின் காகிதத்தைத் தின்பது செய்வினையா என்று கேட்க, பல்லாவரத்து ஜெராக்ஸ் கடைக்காரர் வந்தார். சித்தர் பெட்டியில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து உருகினார்.

“கார்டு என்ன சொல்லுது சாமி?” என்று பியூலா கேட்டாள்.

“அயுவுதும்மா. உன் தீட்டு அது மேல படிஞ்சி கீது. மூச்சு வுட முடியாம தவிச்சிகினு கீது.”

“உள்ளதான் இருக்கா?”

“இன்னாம்மா, எங்கைலயே டெஸ்ட்டா? ஸ்லாட்ல குந்திகினு கீது. என் கண்ணுக்கு நல்லாத் தெரியுது.”

கண்ணை மூடச் சொல்லி அவர் கையைத் தூக்குவதற்குள் பியூலா மூடியைக் கழற்றிவிட்டாள். ஸ்லாட் காலி. அழுதுகொண்டிருந்த கார்டு அவள் கைப்பையிலிருந்து வெளியே வந்தது. சித்தர் அதை எந்த லட்சணத்தில் பூட்டியிருந்தார் என்பதைச் சொல்லிக்கொண்டே, இரண்டு கட்டைவிரலாலும் அழுத்தி உட்காரவைத்தாள். திருகாணியை முடுக்கிச் சர்வரைப் போட்டாள். திரையில் கார்டின் பெயர் வந்தது. அடுத்த அறையிலிருந்த கம்ப்யூட்டர்கள் ஒவ்வொன்றாகச் சர்வரோடு சேர்ந்தன.

“இன்னைக்கு எனக்கு ரெண்டாவது நாள் சார்,” என்றாள் குப்புராஜிடம். “பெட்டிக்குள்ள என்ன இருக்குன்னு பாக்கத் தோணல. என் உடம்புல என்ன இருக்குன்னுதான் பாத்தீங்க.”

குப்புராஜால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. திங்கட்கிழமை வழக்கம்போல வந்துவிடும்படி முனகினார். சித்தரோ செருப்பைக்கூடத் தேடாமல் படி இறங்கியிருந்தார்.

கூட்டம் தெளிந்துவிட்டது என்றுதானே நினைக்கிறீர்கள்? ஜெராக்ஸ் கடைக்காரர் பக்கத்திலிருந்தவர் காதைக் கடித்தார். இரண்டாவது நாளுக்குத்தான் விசேஷ சக்தி போலிருக்கிறது, அடுத்த மாதம் அந்தப் பெண்ணைப் பல்லாவரத்துக்கு அழைத்துப் போகலாமா என்று.

மூளையை மட்டும் யாரும் தனியாக வாங்கிப் பூட்ட வேண்டியதில்லை. பிறக்கும்போதே பூட்டித்தான் வருகிறது. அதன் ஸ்விட்சைப் போடவும் நல்ல நேரம் பார்த்துக்கொண்டிருந்தால், அது எந்தக் கிரகத்தின் குற்றம்?