மைத்துனன் கொடுத்த சிந்தசைசர்

பாறசாலை,
1997, தை மாதம்

பிரியமுள்ள மைத்துனன் சிரஞ்சீவி தாணுவுக்கு உன் அத்தான் காந்திமதிநாதன் எழுதுவது. மஸ்கட்டில் நீயும் மனைவி மக்களும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே உன் அக்காள் உமையம்மாள் சௌக்கியம், உன் மருமகன், நம் பையன் ஸ்ரீகுமார் சௌக்கியம், என்னிடத்தில் காது இரண்டையும் தவிர மற்றதெல்லாம் சௌக்கியம்.

போன லீவில் வந்தபோது நீ அவனுக்கு ஒரு சிந்தசைசர் கொடுத்துவிட்டுப் போனாய். மருமகன்மேல் உனக்குள்ள பிரியத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் பிரியத்தைக் கொடுத்துவிட்டு நீ விமானம் ஏறிவிட்டாய், நான் அதோடு ஒரே கூரைக்குள் இருக்கிறேன். அதில் அவன் பாட்டு வாசித்தாலும் பொறுத்துக்கொள்வேன். அவன் உண்டாக்குவது சத்தம், அதுவும் பழைய சத்தம். உன் கல்யாணத்துக்கு நீ ஒரு டிஸ்கோ கேசட் கொண்டுவந்து, நாதஸ்வரக்காரர்கள் காப்பி குடிக்கப் போன நேரத்தில் மைக்செட்டில் போட்டாயே, அந்தச் சத்தம். அன்று இவன் டிரவுசர்கூட இல்லாமல் பந்தலில் ஆடினான், எல்லோரும் கைகொட்டிச் சிரித்தோம். அப்போதே தூக்கிக்கொண்டு போய் உள்ளே விட்டிருக்க வேண்டும்.

இப்போது இவன் கூட்டுக்காரன் விபின் ஒரு டான்ஸ் குரூப் நடத்துகிறான். களியக்காவிளைக்கு அப்பால் ஒரு கிளப்பின் ஆண்டு விழாவுக்கு ‘பழைய டிஸ்கோ’ ஆடுவதாக ஒத்துக்கொண்டுவிட்டு, கேசட் கிடைக்காமல் இங்கே வந்து நின்றான். உன் கேசட்டிலும் நாடா சிக்கிச் சிக்கி அறுந்து, தொடக்கத்தில் கொஞ்சம்தான் மிச்சம். நம் ஆள் சும்மா இருந்தானா? “நீ பேடிக்காத, அதே சத்தத்துல முழுப் பாட்டும் நான் உண்டாக்கித் தாறேன்” என்று சொல்லிவிட்டான். அன்றைக்குப் போனது என் நிம்மதி.

அந்தப் பாட்டில் ஒரு கொட்டுச் சத்தம் உண்டு, மேலேயிருந்து வழுக்கி விழுவதுபோல ‘ப்யூவ்’ என்று. அந்த ஒரு ப்யூவுக்காக இவன் ஒரு கட்டையை அழுத்திக்கொண்டே ஒரு திருகைத் திருப்புகிறான், வரவில்லை என்று இன்னொரு திருகைத் திருப்புகிறான், சில நாள் அது பசுவின் குரலில் வருகிறது, சில நாள் ஏப்பம்போல வருகிறது. பக்கத்து வீட்டுச் சரசம்மா ஓடிவந்து, “பிள்ளைக்கு வயித்து வேதனையா? காரக்கோணத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோணுமெங்கில் ஆட்டோ விளிக்கட்டா?” என்று கேட்டாள். இல்லை, டிஸ்கோ என்று சொன்னேன். அவள் என்னை ஒருமாதிரி பார்த்துவிட்டுப் போனாள். தாழ்ந்த சத்தம் ஒன்று வைத்தான், அடுக்களையில் பாத்திரமெல்லாம் நடுங்கி, தோசைக்கல் தானாக இறங்கிவந்து உன் அக்காள் காலடியில் விழுந்தது. பிறகு கைதட்டும் சத்தம். வெறும் இரைச்சலை எடுத்துத் துண்டு துண்டாகக் கத்தரித்தால் கைதட்டல் ஆகிவிடுமாம். நான் வில்லேஜ் ஆபீசில் ரிட்டயர் ஆகும்வரை இரைச்சலிலேயே இருந்தவன், ஒருநாளும் அது கைதட்டல் ஆகவில்லை. இதற்கெல்லாம் நடுவர் நான்தானாம், அசல் பாட்டைக் கல்யாணத்தில் கேட்டவனாம். குளித்துவிட்டு வரும்போதும் கேட்பான், கோழிக்கூட்டை அடைக்கும்போதும் கேட்பான்.

“அப்பா, அந்தக் கேசட்டுல கேட்டது இதாக்குமா?”

“அதேதான் மக்கா.”

“நீங்க சும்மா சொல்லுதீங்க.”

சும்மாதான் சொன்னேன். அலுத்துவிட்டது, தாணு. விளக்கு வைத்து நாமம் சொல்ல உட்கார்ந்தால் அதுவும் இவன் தாளத்திலேயே போகிறது, நடுவில் ஒரு ப்யூவ் விழாவிட்டால் அடுத்த வரி எனக்கு வரமாட்டேன் என்கிறது. ஒருநாள் தாங்கமுடியாமல் அவன் அறை வாசலில் நின்று “சிவ சிவா” என்று பெருமூச்சு விட்டேன். அது ரிக்கார்டாகிக்கொண்டிருந்த நேரம். அழிக்கச் சொன்னேன். “அருமையா இருக்கு, கிடக்கட்டும்” என்று பாட்டின் நடுவில் நாலைந்து இடத்தில் வைத்துவிட்டான்.

விழா நாள் வந்தது. உன் அக்காளின் தொல்லை பொறுக்காமல் நானும் போனேன். நம் ஊர் வோல்டேஜ் உனக்குத் தெரியும், அந்தி சாய்ந்தால் பல்பு பழுத்த மிளகாய் மாதிரி தொங்கும், டேப்ரிக்கார்டர் இழுத்து இழுத்து ஓடும். டியூட்டோரியலில் பாடம் எடுத்துவிட்டு வந்து இவன் வேலை செய்ததும் பதிவு செய்ததும் அந்த நேரத்தில்தான். விபினின் பிள்ளைகள் ஆடிப் பழகியதும் நம் முற்றத்தில் அதே இழுவையில்தான். செக்போஸ்டைத் தாண்டினால் தமிழ்நாட்டுக் கரண்ட். போதாததற்கு ஜெனரேட்டர் வேறு. மெதுவாக ஓடும்போது பதிந்த பாட்டை முழு வேகத்தில் ஓடும் டேப்பில் போட்டால் என்ன ஆகும்? பாட்டு பாய்ந்து ஓடியது. ப்யூவ் எல்லாம் ‘பிக்’ ‘பிக்’ என்று தெறித்தது. பிள்ளைகள் நிதானமாகக் கையைத் தூக்குவதற்குள் தாளம் தாண்டிப் போய்விட்டது, அதைப் பிடிக்கத் துள்ளினார்கள், ஒருவன்மேல் ஒருவன் விழுந்தார்கள், விழுந்ததும் அணில் குரலில் என் “சிவ சிவா” வந்தது. ஜனம் எழுந்து நின்றுவிட்டது. அடுத்த முறை என் பெருமூச்சு வந்தபோது கூட்டம் முழுவதும் சேர்ந்து சொன்னது. நான் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டேன்.

தோற்றிருந்தால் நன்றாயிருக்கும். ஜெயித்துவிட்டான், அதுதான் சங்கடம். வேண்டுமென்றே செய்த தமாஷ் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். இப்போது வேறு குரூப்காரர்கள் அதேபோல வேண்டும் என்று வாசலில் நிற்கிறார்கள். சந்தைக்குப் போனால் பையன்கள் என்னைக் கண்டதும் மூக்கால் “சிவ சிவா” என்கிறார்கள். நெய்யாற்றின்கரையில் கூட்டுறவு பேங்கில் கிளார்க் வேலைக்கு இவனுக்கு உத்தரவு வந்து கிடக்கிறது, வரும் திங்கட்கிழமைக்குள் சேராவிட்டால் அடுத்தவனுக்குப் போய்விடும். கேட்டால், “பகல் பூரா கணக்கு எழுதினா ராத்திரி சத்தம் மனசுல நிக்காதுப்பா, எனக்கு இது போரும்” என்கிறான். என் பென்ஷன் எனக்குப் பின்னால் அவனுக்குச் சோறு போடுமா? இதை நினைத்தால் எனக்கு உறக்கம் இல்லை. ஆகவே தாணு, உன்னைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். நீ சொன்னால் அவன் கேட்பான். அந்த மெஷின் உடனே உனக்குத் திரும்ப வேண்டும் என்று கேள், பேங்கில் சேரச் சொல்லித் தந்தி அடி. காலாகாலத்துக்கும் உன்னை வாழ்த்துவேன்.

உன் மனைவிக்கும் குழந்தைகளுக்கும் எங்கள் ஆசி. அம்மையும் அப்பனுமான இறைவன் உங்கள் எல்லோரையும் சத்தமில்லாத வீட்டில் வைத்துக் காக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அத்தான்
காந்திமதிநாதன்

பின்குறிப்பு: மடித்து ஒட்டாமல் வைத்திருந்தது நல்லதாயிற்று. தந்தி அடிக்காதே. நேற்று நம் தெரு முக்கில் புது டிரான்ஸ்பார்மர் வைத்துவிட்டார்கள். பல்பு கண்ணைப் பறிக்கிறது. ஊரே சந்தோஷப்பட்டது, இவன் மட்டும் டேப்ரிக்கார்டர் முன்னால் இருந்தான். முழுக் கரண்டில் எத்தனை தரம் புதிதாகப் பதிந்து போட்டும் அந்தத் துள்ளல் வரவில்லை. கடைசியில் சிந்தசைசரைப் பெட்டிக்குள் வைத்து, “பேங்குக்குப் போறேன்பா” என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். நான் கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது. உன் அக்காள் பாயசம் வைத்தாள், எனக்கு இறங்கவில்லை. காலையில் கிழக்கே தேங்காய் வியாபாரி எலியா தேங்காய் போட்டுவைக்கும் கொட்டகைக்கு, அந்தப் புரைக்குப் போய்ப் பார்த்தேன். அங்கே கரண்ட் இன்னும் பழைய லைனில்தான். அந்தியில் வோல்டேஜ் நன்றாகவே விழும் என்று எலியா சத்தியம் செய்கிறார். சாவியை வாங்கிவந்து அவனை எழுப்பினேன். “எலே மக்கா, எழும்பு. பேங்கு அஞ்சு மணிக்கு அடைக்கும். எலியாவுக்க புரையில வோல்டேஜ் ஆறு மணிக்காக்கும் குறையும். நீ வந்து ஒரு சாயா குடிச்சிட்டுப் போறதுக்கும் நேரம் உண்டு.”