அடைக்கோழிக்கு அடியில் இருந்த மோட்டார்

செஞ்சி
புதன்கிழமை

மதிப்பிற்குரிய பெரியப்பா தனகோட்டி அவர்களுக்கு, உங்கள் தம்பி மகள் ரஞ்சனி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான், செவலைக் கோழி, நாய் சேர்மன், மூவரும் நலம். பெரியம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? ஆபரேஷன் ஆன காலோடு சென்னை வீட்டு மாடிப்படியில் ஏறி இறங்க வேண்டாம் என்று சொல்லவும். போனில் பேசாமல் கடிதம் எழுதக் காரணம் இருக்கிறது. போனில் நீங்கள் பேசுவீர்கள், நான் 'உம்' போடுவேன். ஒரு 'உம்' தவறினால் "லைன்ல இருக்கிறியா" என்று கேட்டுவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பீர்கள். கடிதத்தில் உங்களுக்கு அந்த வசதி இல்லை.

நேற்று போனில் ஒரு உத்தரவு போட்டீர்கள். "மோட்டாரு போனதுக்கு அந்த நாய்தான் காரணம். ஞாயித்துக்கெழமைக்குள்ள ராஜகிரி மலைக்குப் பின்னால கொண்டுபோய் வுட்டுட்டு வந்துடு." சேர்மனுக்கு எழுதத் தெரியாது. தன் மேல் வழக்கு இருப்பதும் தெரியாது. இதை எழுதும்போது என் செருப்பின் மேல் தலை வைத்துத் தூங்குகிறான். ஆகவே அவனுக்காக நான் எழுதுகிறேன்.

நடந்ததை ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். நீங்கள் ஊருக்குக் கிளம்பும்போது வீட்டுச் சாவியோடு ஒரு ரகசியத்தையும் கொடுத்தீர்கள். பேரூராட்சி லைன் உள்ளே வருகிற இடத்தில் ஒரு பள்ளம், பள்ளத்தில் தண்ணீரை உறிஞ்சும் மோட்டார், அதன் மேல் ஒரு பலகை, பலகை மேல் வைக்கோல், வைக்கோல் மேல் ஒன்பது முட்டையோடு செவலைக் கோழி, எல்லாவற்றுக்கும் மேல் கவிழ்த்த கூடை. "அடைக்கோழி இருக்கற எடத்துல எவனும் கை வெக்க மாட்டான்" என்றீர்கள். இந்த மூளையை வேறு எதற்காவது செலவழித்திருந்தால் வார்டு தேர்தலில் ஜெயித்திருப்பீர்கள், தோற்ற வாரம் கொண்டுவந்த நாய்க்குச் சேர்மன் என்று பெயர் வைக்க வேண்டி இருந்திருக்காது. போகும்போது கடைசியாகச் சொன்னது, "நாயை டியூப்கிட்ட வுடாத, டியூப்பை நாய்கிட்ட வுடாத."

ஒரு நாள் விட்டு ஒரு நாள் காலை ஆறு மணிக்குத் தண்ணீர் வரும், நான் மோட்டார் போடுவேன், கோழி ஆட ஆரம்பிக்கும். முக்கால் மணி நேரம் சாமி வந்த மாதிரி ஆடும். கொஞ்ச நாளில் பழகிப்போய் ஆடிக்கொண்டே தூங்கியது. ஒன்பதில் நாலு முட்டைதான் பொரிந்தது, அந்த நாலு குஞ்சும் தரையில் நடக்கும்போதுகூட லேசாக உதறுகின்றன. கோழி அத்தோடு எழுந்து போகவும் இல்லை, மறுபடி முட்டையிட்டு மறுபடி உட்கார்ந்துகொண்டது.

சேர்மன் கதை வேறு. இந்த வெயிலில் மலை மூன்று பக்கமும் அடுப்பு மாதிரி காய்கிறது, பள்ளத்திலிருந்து பின்கட்டுத் தொட்டிக்குப் போகிற பச்சை டியூப் ஒன்றுதான் வீட்டில் குளிர்ச்சியான பொருள். முதலில் அதன் மேல் படுத்தான், அப்புறம் கடித்தான். ஏழு ஓட்டை. மோட்டார் போட்டதும் ஏழு இடத்தில் தண்ணீர் பீச்சியடிக்க, கோழி நனைந்தது, நான் நனைந்தேன், கொடியில் காய்ந்த என் ஒரே நல்ல சுடிதார் நனைந்தது. சாக்கு சுற்றினேன், சாக்கைத் தின்றான். மிளகாய்த்தூள் தடவினேன், நக்கிவிட்டுக் கண்ணில் நீர் வழிய டியூப் வாயிலேயே வாயை வைத்துக் குடித்தான். அதாவது அவனிடமிருந்து டியூப்பைக் காப்பாற்றப் போய் அவனுக்கு டியூப்பே கதி என்று ஆக்கிவிட்டேன். முள் வெட்டிப் போட்டேன், அவன் தாண்டினான், எனக்குக் குத்தியது. கடைசியில் பைப் கடை சம்பவநாதன் அண்ணனிடம் போனேன். சமணர், எறும்புப் பொடிகூட விற்காத மனிதர் அவர். "நாயைக் கட்டாத பாப்பா, பாவம். டியூப்பப் பொதைச்சுடு" என்றார். அரையடி ஆழத்தில் புதைத்தேன்.

இதற்கு நடுவில் பூவாயி அக்கா. தெருக்கோடிப் பன்னிரண்டு வீட்டில் ஒரு வீடு அவருடையது. நம்மைப் போல் மோட்டார் வைத்தவர்கள் உறிஞ்சியது போக அங்கே குழாயில் மிச்சம் வருவது சத்தம்தான். இரண்டு குடத்தோடு வந்து நம் வாசலுக்கு வெளியே நிற்பார். அவருக்கும் நீங்கள் ஒரு சட்டம் சொல்லிவிட்டுப் போயிருந்தீர்கள். டியூப் அந்தக் குடத்தில் படக்கூடாது, தூக்கிப் பிடித்து ஊற்ற வேண்டும். நானும் படித்தவள், ஒரு வாரம் தூக்கிப் பிடித்து ஊற்றினேன். அடுத்த வாரம் ஒரு நாள் கை வலித்து டியூப்பைக் கீழே இறக்கினேன். அவர் குடத்தைச் சட்டென்று நகர்த்திக்கொண்டார்.

"மேலயே புடி பாப்பா. நாய் வாய் வெச்ச டியூப்பு, எங்க கொடத்துல படப்போவுது."

"ஏங்க்கா, இவ்ளோ நாள் சொல்லல?"

"நீ சுத்தம் பாக்குறேன்னுதான நெனைச்சேன்."

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர்கள் வீட்டுத் தண்ணீரைத் திருடி, அதில் இரண்டு குடத்தை உயரத்திலிருந்து தர்மம் செய்கிற வீடு நம்முடையது பெரியப்பா. இதில் கோழி கூட்டாளி.

போன சனிக்கிழமை, தண்ணீர் வருகிற நாள். மோட்டார் ஓடுகிறது, பேரூராட்சியிலிருந்து ஒருவர் வந்து நின்றார். நீங்கள் சொல்லிக்கொடுத்தபடியே, "அடைக்கோழி சார், கிட்டப் போனா கொத்தும்" என்றேன். அவர் குனிந்து கூடைக்குள் பார்த்தார்.

"கோழி இன்னாம்மா இந்த ஆட்டம் ஆடுது?"

"ஜுரம் சார்."

"ஜுரத்துக்கு உய்னு சத்தம் வருமா?"

பையிலிருந்து ஒரு மனுவை எடுத்தார். உங்கள் கதவு எண், மோட்டார் ஓடும் நேரம், 'மேற்படி மோட்டார் செவலைக் கோழிக்கு அடியில் உள்ளது' என்பது வரை இருந்தது. ஒரு எழுத்துப்பிழை இல்லை. அதே நேரம் பின்கட்டில் சேர்மன் தோண்ட ஆரம்பித்தான். என்ன ருசி கண்டானோ தெரியாது, தொட்டியிலிருந்து முற்றம் முழுக்க நூல் பிடித்த மாதிரி தோண்டிக்கொண்டே வந்து, டியூப்பைக் கவ்வி, நேராகக் கோழிக் கூடையின் கீழே கொண்டுவந்து நிறுத்தினான். அந்த மனிதர் அவன் தலையைத் தடவிக் கொடுத்தார். மோட்டாரைக் கழற்றும்போது கோழி அவரை நாலு இடத்தில் கொத்தியது. விசுவாசம் என்று பார்த்தால் உங்களிடம் மிச்சம் இருப்பது அந்தக் கோழி மட்டும்தான். இப்போதும் தண்ணீர் வருகிற நாளில் ஆறு மணி ஆனால் ஆட்டம் வரவில்லையே என்று என்னைப் பார்க்கிறது.

இதுதான் நடந்தது. திங்கட்கிழமை நம் குழாயில் நூல் மாதிரி வந்தது, தொட்டி பாதிதான் நிறைந்தது. தெருக்கோடியில் வீட்டுக்கு நாலு குடம் பிடித்தார்களாம், பூவாயி அக்கா வரவில்லை. வர வேண்டிய வேலை அவருக்கு இல்லை. இப்போது சொல்லுங்கள், மண்ணைத் தோண்டுவது நாயின் சுபாவம். அதற்காக அதை மலைக்குப் பின்னால் பட்டினி போடுவதா? மனு எழுதியது எவன் என்று விசாரிக்கச் சொன்னீர்கள், விசாரித்துக்கொண்டிருக்கிறேன். நான் நாள் முழுக்க பஸ் ஸ்டாண்டு கடையில் ஊர் மனுவையெல்லாம் டைப் அடிக்கிறவள், எப்படியும் தெரிந்துவிடும்.

பெரியம்மாவுக்கு என் அன்பு. கால் தேறி, நடந்து, இரண்டு பேரும் சுகமாக வீடு வந்து சேர வேண்டும். தண்ணீர் பிடிக்க மட்டும் சீக்கிரம் எழுந்து பழகிக்கொண்டு வரவும்.

இப்படிக்கு,
தம்பி மகள் ரஞ்சனி

பின்குறிப்பு: மடித்து உறையில் போட்டுவிட்டுத் திரும்பப் பிரித்து எழுதுகிறேன். விசாரணை முடிந்தது. மனு டைப் அடித்தது நான், கையெழுத்து மட்டும் பூவாயி அக்கா. சோதனைக்கு வருவார்கள் என்று தெரிந்து வெள்ளிக்கிழமை சாயங்காலமே டியூப்பைத் திரும்பத் தோண்டி, ஒரு முழத்துக்கு ஒன்றாகக் கருவாடு வைத்துப் புதைத்ததும், காலை வரை சேர்மனை வீட்டுக்குள் அடைத்து வைத்ததும் நான். சேர்மன் சாப்பிட்டது தவிர வேறு எதுவும் செய்யவில்லை. ஆகவே மலைக்குப் பின்னால் விட வேண்டிய ஆள் யார் என்று நீங்களே முடிவு செய்யுங்கள். ஞாயிற்றுக்கிழமை எனக்கு லீவுதான். கூடவே சேர்மனையும் கூட்டிக்கொண்டு போகிறேன், திரும்பி வர அவனுக்கு வழி தெரியும்.