தோல் டாக்டரும் என் இடது புருவமும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு அஞ்சாங்கிளாஸ் வரைக்கும்தான் படிப்பு. கடிதாசி தவிர வேறு எதுவும் எழுதிப் பழக்கமில்லை, அதனால் கோணல்மாணலாகத்தான் வரும். பாதி விஷயம் மறந்தும் போச்சு. நாலு பேர் எதிரில் வாயைத் திறக்கவே கூசுகிற ஆள் நான். ஆனாலும் இந்த ஒருத்தரைப் பற்றி எழுதாவிட்டால் என் ஆத்திரம் அடங்காது.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரைக்கும் இன்றைக்கு எத்தனையோ கம்பெனி வந்துவிட்டது. அத்தனை கம்பெனி கேட்டிலும் வேலை கேட்டு நின்ற ஜனங்களை ஒன்றாகச் சேர்த்தாலும், பென்னலூர் தோல் டாக்டர் காக்க வைத்த பொம்பளைகள் கூட்டத்துக்கு ஈடாகாது.

டாக்டர் என்றதும் ஆஸ்பத்திரி என்று நினைக்காதீர்கள். அவர் பச்சை குத்துகிற அம்மா. மற்ற பச்சைக்காரம்மாக்கள் தெருவில் வருவார்கள், கையை நீட்டினால் தேளோ, கோலமோ, புருஷன் பேரோ குத்திவிட்டுப் போவார்கள். இவர் மட்டும் தோலைப் பரிசோதனை செய்யாமல் ஊசியைத் தொட மாட்டார். கம்பெனிப் பெண்கள் கிண்டலுக்கு வைத்த பேர் தோல் டாக்டர். அவருக்கு அது கிண்டல் என்றே தெரியவில்லை. யாராவது "டாக்டரம்மா" என்றால், "இன்னா, சொல்லு" என்று நிமிர்ந்து உட்காருவார்.

அவர் பேர் போனது புருவத்துக்கு. புருவம் இல்லாதவர்களுக்குப் புருவம் குத்துவார். எனக்குத் தேவைப்பட்டதும் அதுதான். விஷக்காய்ச்சல் வந்து தலைமுடி, புருவமுடியெல்லாம் கொட்டி, அப்புறம் தலையில் முளைத்தது, புருவத்தில் முளைக்கவே இல்லை. தொண்ணூத்தி ஒண்ணில் எனக்குக் கல்யாண வயசு தாண்டிக்கொண்டிருந்தது. பெண் பார்க்க வந்த ஒரு கூட்டம், "பொண்ணு நல்லாத்தான் கீது, மூஞ்சிலதான் இன்னாவோ குறையுது" என்று பஜ்ஜியை முழுசாகத் தின்றுவிட்டுச் சொன்னார்கள். இன்னொரு கூட்டம் அதுகூடச் சொல்லாமல் போனார்கள். நான் மையால் வரைந்துகொண்டு கையுறை தைக்கிற கம்பெனிக்குப் போவேன். மத்தியானத்துக்குள் வேர்வையில் மை கன்னத்துக்கு இறங்கிவிடும். சூப்பர்வைசர் பார்த்துவிட்டு, "ஏம்மா, அழுதியா?" என்பார்.

எங்கள் லைனில் பக்கத்து மெஷின் ரோஸிதான் என்னை இழுத்துக்கொண்டு போனாள். ஷிப்ட் முடிந்து பென்னலூருக்குப் போனால், ஒரு வேப்பமரத்தடியில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். டாக்டரம்மா ஒவ்வொருத்தர் நெற்றியிலும் ஒரு பேப்பர் துண்டை ஒட்டி, எடுத்து, வெயிலில் தூக்கிப் பார்த்தார்.

என் நெற்றியிலும் பளாரென்று ஒட்டினார். பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"எண்ண மூஞ்சி. உனக்குக் கோடு நிக்காது, புள்ளிதான்."

"அப்படின்னா இன்னாக்கா?" என்றாள் ரோஸி. எனக்குத்தான் வாய் வராதே.

"கோடுன்னா முடி மாதிரி ஒவ்வொண்ணா கீறி மை வுடறது. காய்ஞ்ச தோலுக்குத்தான் அது. எண்ண மூஞ்சில கோடு இழுத்தா நாலு மாசத்துல கலங்கி, புருவம் அட்டைப்பூச்சி மாதிரி ஆயிடும். அதுக்குப் புள்ளி புள்ளியா பொடி தூவுனாப்புல குத்தணும். வயசானவங்க தோலு வெங்காயத் தோலு, அதுக்கு ஊசி பட்டும் படாம போவணும். தெரிஞ்சுக்க."

"சரி, புள்ளியே குத்துங்கக்கா."

"இன்னிக்கா? அவசரம்னா கம்பெனிக்குப் போய் தச்சுக்கினு வா. போ, போ. அடுத்த வாரம் வா."

அடுத்த வாரமும் பேப்பர்தான். அதற்கடுத்த வாரமும் பேப்பர்தான். தோல் தினம் ஒரு மாதிரி இருக்குமாம், பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டுமாம். இதில் எனக்கு ஒரு சந்தேகம். அங்கே வந்த எல்லோருமே எண்ணெய் மூஞ்சி. சிமெண்ட் மூட்டை தூக்குகிற அம்மா, உதடெல்லாம் வெடித்து வறண்டு போயிருந்தவள், அவளும் எண்ணெய் மூஞ்சியாம். ஒருநாள் என் முறைக்குக் காத்திருந்தபோது அந்தப் பேப்பர் துண்டை மோந்து பார்த்தேன். போண்டா வாசனை! டீக்கடையில் போண்டா மடித்துக் கொடுத்த பேப்பரைத்தான் இந்தம்மா கிழித்து வைத்துக்கொண்டு, ஊரில் உள்ள பொம்பளைகளையெல்லாம் எண்ணெய் மூஞ்சி ஆக்கிக்கொண்டிருந்தார்.

நான் ரோஸி காதில் சொன்னேன். ரோஸி ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னாள். எல்லோரும் சிரித்த சிரிப்பில் நான் பூமிக்குள் போய்விடலாமா என்றிருந்தது. டாக்டரம்மா கொஞ்சம்கூட அசரவில்லை. பேப்பரை ஒரு தடவை மோந்தார்.

"ஆமாமே. போண்டாதான். சரி, எல்லாரும் எழுந்து போங்க. புதுப் பேப்பர் வாங்கினு மொதல்லேர்ந்து வாங்க."

மொதல்லேர்ந்து! அன்றைக்கு அடிக்காமல் விட்டது எங்கள் நல்ல குணம்.

புதுப் பேப்பரில் நான் வறண்ட தோல் என்று தேறினேன். கோடு நிக்கும் என்றார். உடனே குத்தினாரா? இல்லை. காதுக்குப் பின்னால் ஒரே ஒரு புள்ளி வைத்து, "இது எப்படி ஆறுதுன்னு பாக்கணும்" என்று அனுப்பிவிட்டார். அது ஆறியது. அதற்கப்புறம் சொந்தமாக ஊசி வாங்கி வரச் சொன்னார், ஆளுக்கு ஒரு ஊசி, அடுத்தவள் ஊசி அடுத்தவளுக்கு ஆகாது. அதைக் கொதிக்கக் கொதிக்க வைத்து, விளக்குக் கரியில் கரிசலாங்கண்ணிச் சாறு குழைத்து, கடைசியில் ஒரு வழியாக என் வலது புருவத்தில் கை வைத்தார். வலியில் எனக்குக் கண்ணீர் கொட்டியது. ஆனால் கண்ணாடியில் பார்த்தபோது, ஐயோ, முடி மாதிரியே இருந்தது.

"ஆழமா குத்த மாட்டேன்" என்றார். "ஆழமா போனா சாகற வரைக்கும் நிக்கும், பச்சையாவும் பூடும். மூஞ்சி வயசாகி இறங்கும், புருவம் மட்டும் அங்கேயே நின்னா பாக்க நல்லாவா இருக்கும்? மேலாப்புல குத்தினா ரெண்டு மூணு வருசம். மங்கினா திரும்ப வா."

நான் இடது பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன்.

"அது இப்ப இல்ல. இது பொருக்கு உதிர்ந்து, கலர் எப்படி நிக்குதுன்னு பாத்துட்டுத்தான் அது. ரெண்டையும் ஒண்ணா கெடுத்துக்கினா யாரு பொறுப்பு?"

எங்கம்மா தலையில் அடித்துக்கொண்டாள். வாலாஜாபாத்திலிருந்து ஒரு வரன் வருவதாக இருந்தது. அடுத்த மாசம்தானே, அதற்குள் ரெண்டும் ஆகிவிடும் என்று நான் சமாதானம் சொன்னேன்.

அவர்கள் அடுத்த மாசம் வரவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையே வந்து நின்றார்கள். "வல்லக்கோட்டை முருகனைக் கும்பிட வந்தோம், அப்டியே பொண்ணையும் பாத்துட்டுப் போலாம்னு" என்று மாப்பிள்ளையின் அம்மா செருப்பைக் கழற்றினார். எனக்கு வலது புருவம் அப்போதுதான் பொருக்கு உதிர்ந்து கன்னங்கரேலென்று இருந்தது. இடது பக்கம் வெறும் நெற்றி. அம்மா என்னை உள்ளே இழுத்து மையால் இடது பக்கம் ஒன்று வரைந்துவிட்டாள். நான் காபித் தட்டோடு போய்க் குனிந்து நின்றேன். மூன்றாவது தடவையும் போச்சு என்றால் அப்புறம் வரன் என்ற பேச்சே வீட்டில் எடுக்க மாட்டார்கள், அது எனக்குத் தெரியும்.

அந்த நேரம் பார்த்து வாசலில் குரல். "இன்னாமே, கலர் நின்னுச்சா?"

டாக்டரம்மா நேராக உள்ளே வந்தார். யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்க்கவே இல்லை. என் மோவாயைப் பிடித்துத் தூக்கினார். பார்த்ததும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"அறிவு கீதா உனக்கு? ஆறாத தோலாண்ட மை தடவிக்கினு கீற! சீழ் புடிக்கணுமா?"

சொல்லிக்கொண்டே தன் முந்தானையால் என் இடது புருவத்தைத் தேய் தேய் என்று தேய்த்து எடுத்துவிட்டார். மாப்பிள்ளை வீட்டார் அத்தனை பேருக்கும் முன்னால். நான் ஒற்றைப் புருவத்தோடு நின்றேன்.

மாப்பிள்ளையின் அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "இன்னாம்மா இது?" என்றார். டாக்டரம்மா விஷக்காய்ச்சலில் தொடங்கி, போண்டாப் பேப்பர் வரைக்கும் ஒன்று விடாமல் சொல்லி முடித்தார். எதை மறைக்க நாங்கள் பாடுபட்டோமோ அத்தனையும். முடித்துவிட்டு, அந்தம்மாவின் முகத்தையே உற்றுப் பார்த்தார். அவருக்கும் புருவம் மெலிசுதான். காதைத் தொட்டுப் பார்த்தார். கம்மல் துளையில் பட்டாணி மாதிரி ஒரு தழும்பு.

"உனக்கு நான் குத்த மாட்டேன். உன் தோலு குத்துன எடத்துல புடைச்சிக்கும். யார் குத்தறேன்னாலும் ஒத்துக்காத."

"நான் கேக்கவே இல்லியேம்மா!"

"கேப்ப. எல்லாரும் கேப்பாங்க."

அந்தம்மா சிரித்துவிட்டார். கேட்கலாம் என்றுதான் இருந்தேன் என்று பிற்பாடு என்னிடம் ஒப்புக்கொண்டார். அதுவரை வாயே திறக்காத மாப்பிள்ளை என்னைப் பார்த்து, "ரொம்ப வலிச்சுதா?" என்று கேட்டார். நான் தலையாட்டினேன். பெண் பார்க்க வந்தவர்களில் என்னிடம் நேராக ஒரு கேள்வி கேட்டவர் அவர் ஒருத்தர்தான்.

"இனிமே மறைக்க ஒண்ணும் இல்ல, எல்லாத்தையும் பாத்தாச்சு" என்று மாமியார் எங்கம்மாவிடம் சொன்னார். "வெத்தலப் பாக்கு மாத்திக்கலாம்."

இதோடு முடிந்தது என்று நினைக்கிறீர்களா? கல்யாணத்துக்கு முன் இடது புருவத்தைக் குத்தச் சொல்லி நடையாய் நடந்தேன். "மஞ்சத் தண்ணி, ஓமப் பொகை, எல்லாம் படும். இப்ப வேணாம்." வல்லக்கோட்டைக் கோயிலில் நான் ஒற்றைப் புருவத்தோடுதான் தாலி கட்டிக்கொண்டேன். கல்யாண போட்டோவில் நான் இடது பக்கத்தைக் காட்டவே மாட்டேன், பூவைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருப்பேன்.

வாலாஜாபாத்துக்கு வந்தேன். கொஞ்ச நாளில் டாக்டரம்மாவே பஸ் ஏறி வந்தார். ஊசி, மை எல்லாம் மடியில். நான் ஓடிப்போய் பாய் விரித்தேன். என் முகத்தைப் பார்த்தார், நாடியைப் பார்த்தார், ஊசியை மடியிலேயே வைத்துக்கொண்டார். "வயித்துல புள்ள கீது. குத்த மாட்டேன்." எனக்கே அப்போதுதான் தெரியும். பிள்ளை பிறந்ததும் மறுபடி வந்தார். "பால் குடி மறக்கட்டும்." அதற்கப்புறம் ஒரு தடவை வந்து, எனக்குச் சளி பிடித்திருக்கிறது என்று திரும்பிப் போனார். என் வீட்டுக்காரர் தெருமுனையில் அவரைப் பார்த்தாலே, "ஏய், இப்ப முடியாதுன்னு சொல்ல டாக்டரம்மா வந்துட்டாங்க" என்று குரல் கொடுப்பார். தெருவில் பிள்ளைகள் எனக்கு ஒத்தப் புருவம் என்றே பேர் வைத்துவிட்டார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் ஒருநாள் வந்து பாயில் படுக்க வைத்து இடது புருவத்தைக் குத்தினார். எழுந்து பார்த்தால் வலது மங்கிப்போயிருந்தது. "அதுக்கு அப்புறம் வரேன்" என்று ஊசியைச் சுற்றிக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார்.

அப்படியே பல வருஷம் வந்துகொண்டிருந்தார், ஒரு வருஷம் வலது, ஒரு வருஷம் இடது. அப்புறம் வரவில்லை. இப்போது ரெண்டும் ஒரே மாதிரி வெளுத்துவிட்டது. என் மகள், ஒரகடத்தில் பார்லர் வந்திருக்கிறது, மெஷினில் ஒரே நேரத்தில் ரெண்டையும் போட்டுவிடுவார்கள் என்று கூப்பிடுகிறாள். நான் போகவில்லை. கோபமாக யோசித்துக்கொண்டே இருந்ததில் ஒன்று தோன்றியது. 'முடியாது' என்று யாரிடமாவது சொல்லி அனுப்பியிருக்கலாம். அதைச் சொல்வதற்கே அந்தக் கூட்ட பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தாரே, அது எதற்கு?

நான் எழுதியதில் முன்னே பின்னே தப்பு இருக்கும். பென்னலூர் பக்கம் உள்ளவர்கள் யாராவது படித்தால் விவரத்தைச் சரிபார்த்துத் திருத்துங்கள். முக்கியமாக அவர் நிஜப் பேர் என்ன என்று விசாரித்துச் சொல்லுங்கள். நாங்கள் யாருமே கேட்கவில்லை. தெரிந்தால், ஒரு தடவை அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பார்க்க ஆசையாக இருக்கிறது.